வழிகாட்டி அமரும் இடம்

மூன்று வயது ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் ஒன்றின் இடது இடுப்பு மூட்டை மாற்றுவதற்காக நான் திட்டமிட்டு, வடிவமைத்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டுக் கொடுத்த வழிகாட்டி (எங்கே வெட்ட வேண்டும், எந்தக் கோணத்தில் பொருத்த வேண்டும் என்று காட்டும் துண்டு), சென்ற ஆண்டு அறுவை மேசையில் எலும்பின் மீது அமரவில்லை. அறுவை நிபுணர் அதை மூன்று முறை பொருத்திப் பார்த்தார். மூன்று முறையும் அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டு, வழக்கமான முறையில் கண்ணையும் கையையும் நம்பி அறுவையை முடித்தார். நாய் நலமாகத் தேறியது. ஆனால் தட்டில் கிடந்த அந்தச் சிறு ரெசின் துண்டு என் மனத்தை விட்டு நெடுநாள் அகலவில்லை. அது ஏன் அமரவில்லை என்று தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். இப்போது இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், பிற மருத்துவர்கள் பரிந்துரைத்து அனுப்பும் விலங்குகளுக்கு மட்டும் சிகிச்சை அளிக்கும் ஒரு மருத்துவமனையின் எலும்பு அறுவைப் பிரிவில் பணிபுரிகிறேன். இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் கத்தியைப் பிடிப்பவன் நான் அல்லன். சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரித்தெடுத்து, எந்த அளவுச் செயற்கை மூட்டு, எந்தக் கோணத்தில் அமர வேண்டும் என்று நிபுணருடன் சேர்ந்து திட்டமிட்டு, அந்தத் திட்டத்தை அறுவை அரங்குக்கு எடுத்துச் செல்லும் வழிகாட்டியை அச்சிடுவது என் பொறுப்பு.

பெரிய இன நாய்களில் இடுப்பு மூட்டு செம்மையாக உருவாகாமல் போகும் கோளாற்றை ஹிப் டிஸ்பிளேசியா என்கிறோம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜெரி ஷ்னெல் 1935-இல் இதை நாய்களில் விவரித்தார். நல்ல மூட்டில், தொடை எலும்பின் உருண்டையான தலை இடுப்பெலும்பின் குழிக்குள், அரைத் தேங்காய் மூடிக்குள் ஒரு பந்தை வைத்ததுபோல் ஆழமாகப் பொருந்தியிருக்கும். இந்தக் கோளாறு உள்ள குட்டிகளில், வளரும் மாதங்களில் மூட்டு தளர்ந்துபோய், ஒவ்வோர் அடியிலும் தலை குழியின் மேல் விளிம்பை இடிக்கிறது. குருத்தெலும்பு தேய்கிறது, குழி ஆழம் குறைந்து தட்டுப் போல் ஆகிறது, உடல் அந்தத் தளர்ச்சியைத் தாங்கிக்கொள்ள முயன்று விளிம்பைச் சுற்றிலும் புது எலும்பு முடிச்சுகளை வளர்க்கிறது. மரபும், அதிவேக வளர்ச்சியும், மிகை எடையும் இதில் சேர்ந்தே வேலை செய்கின்றன. பிரிட்டனில் இனப்பெருக்கத்துக்கு விடும் நாய்களின் ஒவ்வோர் இடுப்புக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண் இடும் முறை உண்டு. இரண்டும் சேர்ந்து உச்சம் 106. மதிப்பெண் கூடக்கூட மூட்டு மோசம் என்று பொருள்.

எடையைக் குறைத்தும், வலிநிவாரணிகள் கொடுத்தும், தசைப் பயிற்சி அளித்தும் பல நாய்களை நன்றாகவே வாழவைக்க முடியும். அது போதாதபோது ஒன்று, தொடை எலும்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி நீக்கிவிட்டு, தசைகளும் தழும்புத் திசுவும் பொய்மூட்டாக உருவாகட்டும் என்று விடலாம். சிறிய நாய்கள் அதை நன்கு ஏற்றுக்கொள்ளும். 35 கிலோ எடையுள்ள இளம் நாய்க்கு இயல்பான நடையைத் திருப்பித் தர வேண்டுமானால் முழு மூட்டு மாற்றுதான் சிறந்த வழி என்பது என் கருத்து.

நான் வாழும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ரைட்டிங்டன் மருத்துவமனை இருக்கிறது. மனிதர்களுக்கான இன்றைய இடுப்பு மாற்று அறுவை அங்கேதான் 1962 நவம்பரில், ஜான் சார்ன்லியின் கையில் நிலைபெற்றது. இடுப்பெலும்பின் குழியில் பொருத்த அவர் முதலில் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, உடலுக்குள் தீங்கு விளைத்தன. பிறகு பாலிஎத்திலீனுக்கு மாறினார். இந்தப் பொருள்களின் துண்டுகளைத் தன் தொடைக்குள்ளேயே பதித்தும் பார்த்தார். நாய்களுக்கான முழு இடுப்பு மாற்று அறுவையைச் சிகிச்சை முறையாக விவரித்த கட்டுரை ஹோஃப்லேயுடையது, 1974-இல் வெளிவந்தது. பின்னர் தலையும், தொடை எலும்பின் உட்குழாய்க்குள் இறங்கும் தண்டும் தனித்தனியே அளவு தேர்ந்தெடுக்கக்கூடிய மூட்டுகள் வந்தன. எலும்புச் சிமென்ட் இல்லாமல், நுண்துளைகள் கொண்ட உலோகப் பரப்புக்குள் எலும்பே வளர்ந்து பற்றிக்கொள்ளும் வகைகள் வந்தன. சூரிச்சில் உருவான வகையில் தண்டு தொடை எலும்பின் உட்புறச் சுவரோடு திருகாணிகளால் இறுக்கப்படுகிறது. ஆக, பொருத்தப்படும் பொருளில் பெரும் முன்னேற்றம் நேர்ந்துவிட்டது. அதை எந்தக் கோணத்தில் பொருத்துவது என்பதில் மட்டும், நெடுங்காலம் நிபுணரின் கண்ணளவே துணையாக இருந்தது.

கோணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். செயற்கைக் கிண்ணம் இடுப்பெலும்பில் அமரும்போது அதன் வாய் வெளிப்புறமாக எவ்வளவு திறந்திருக்கிறது, பின்புறமாக எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற இரண்டும் மூட்டின் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கின்றன. வெளிப்புறத் திறப்பு 45 பாகையை ஒட்டி இருக்க வேண்டும் என்பது நாய்களில் பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு. வாய் மிகுதியாகத் திறந்துவிட்டால், நாய் எழுந்து நிற்கும்போதே தலை மேல்நோக்கி நழுவி வெளியேறலாம். மிகுதியாக மூடிக்கொண்டால், காலை விரிக்கும்போது தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடித்து, நெம்புகோல்போலத் தலையை வெளியே தள்ளிவிடும். அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் மூட்டு விலகுவது நாங்கள் மிகவும் அஞ்சும் சிக்கல்களுள் ஒன்று. மனிதர்களுக்கு லெவின்னெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் வகுத்த பாதுகாப்பு எல்லையை அப்படியே நாய்க்கு எடுத்துக்கொள்ள முடியாது. நான்கு காலில் நடக்கும் விலங்கின் இடுப்பெலும்பு வேறு விதமாகச் சாய்ந்திருக்கிறது; அதன் மீது எடை விழும் திசையும் வேறு.

இந்தக் கோணத்தை வழக்கமான முறையில் எப்படிக் கணிக்கிறோம்? நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இடுப்பெலும்பு மேசைக்குச் செங்குத்தாக நிற்கும்படி பலகைகளாலும் பட்டைகளாலும் கட்டி நிறுத்துகிறோம். அதன்பின் மேசையை அளவுகோலாகக் கொண்டு, கிண்ணத்தைப் பிடிக்கும் கருவியின் கம்பியை இத்தனை பாகை சாய்க்க வேண்டும் என்று கணக்கிடுகிறோம். அறுவை நடக்கும்போது தொடை எலும்பை வெளியே திருப்பிப் பிடிப்பார்கள். குழியைக் கடையும் துருவியை அழுத்தித் திருகுவார்கள். உதவியாளர் தசைகளை இழுத்துப் பிடித்திருப்பார். இவற்றின் விசையில் இடுப்பெலும்பு சில பாகை உருண்டுவிட்டால், மூடிய அறுவைத் துணிகளுக்கு அடியில் அது யாருக்கும் தெரியாது. அந்தப் பிழை முழுதும் அப்படியே கிண்ணத்தின் கோணத்தில் போய்ச் சேர்ந்துவிடும். நோயற்ற மூட்டில் குழியின் விளிம்பைப் பார்த்தே கோணத்தை ஊகிக்கலாம். தேய்ந்து, புது எலும்பு மூடிக்கிடக்கும் மூட்டில் அந்த விளிம்பும் பொய் சொல்லும்.

தனிப்பயனாக அச்சிட்ட வழிகாட்டியின் அடிப்படை எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. மேசையை நம்பாமல், அந்த நாயின் எலும்பையே அளவுகோலாகக் கொள்வது. ஒரு எலும்பின் மேடு பள்ளங்கள் அந்த நாய்க்கே உரியவை. அந்தப் பரப்பின் எதிர்வார்ப்பாக ஒரு துண்டை அச்சிட்டால், அது ஒரே ஒரு நிலையில் மட்டும் பூட்டில் சாவி அமர்வதுபோல் அமரும். அமர்ந்துவிட்டால், அதில் நாம் முன்கூட்டியே அமைத்திருக்கும் துளையும் பிளவும் திட்டமிட்ட திசையையே காட்டும். இடுப்பு எப்படி உருண்டாலும் வழிகாட்டியும் உடன் உருளும்.

வேலை சி.டி. ஸ்கேனில் தொடங்குகிறது. நாய் மயக்கத்தில் இருக்க, 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள படலங்களாக இடுப்பு முழுவதையும், இரு முழங்கால்கள் வரையிலும் எடுக்கிறோம். முழங்கால் எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். தொடை எலும்பு எவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதை அதன் கீழ்முனையைப் பார்க்காமல் அளக்க முடியாது. பிறகு கணினியில், அடர்த்தியை வைத்து எலும்பை மற்றத் திசுக்களிலிருந்து பிரிக்க வேண்டும். மென்பொருள் தானாகவே இதைச் செய்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. கெட்டுப்போன மூட்டில் தலைக்கும் குழிக்கும் இடையே இடைவெளியே இல்லாமல் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு தெரியும். படலம் படலமாக, கையாலேயே அவற்றைப் பிரித்து வரைய வேண்டும். ஒரு நாய்க்கு எனக்கு இதற்கு மட்டும் அரை நாள் ஆகிறது. இந்த அரை நாளில் செய்யும் அரை மில்லிமீட்டர்ப் பிழை, அதன்பின் வரும் எல்லாவற்றிலும் தொடர்ந்து வரும்.

எலும்பு கிடைத்ததும் திட்டமிடல். வழிகாட்டியைவிட இந்தக் கட்டமே நாய்க்கு அதிக நன்மை செய்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். முன்பெல்லாம் எக்ஸ்ரே படத்தின் மீது, விட்டம் தெரிந்த ஓர் உலோகக் குண்டை ஒப்பளவாக வைத்து, செயற்கை மூட்டின் நிழலை வரைந்து அளவு தேர்ந்தெடுப்பார்கள். கால் சற்றே திரும்பியிருந்தாலும் எலும்பின் அகலம் மாறிவிடும். முப்பரிமாணத்தில் அந்தக் குழப்பம் இல்லை. தொடை எலும்பின் உட்குழாய் மேலே எவ்வளவு அகலம், கீழே எவ்வளவு குறுகல் என்ற விகிதத்தைப் பார்க்கிறோம். அது 1.8-க்கும் குறைவாக இருந்தால் குழாய் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே அகலமுள்ள புகைபோக்கி போன்றது. ஆப்பைப் போல் இறுகி நிற்க வேண்டிய சிமென்ட் இல்லாத் தண்டு அதில் இறங்கிவிடவும் திரும்பிவிடவும் வாய்ப்பு அதிகம். ஜெர்மன் ஷெப்பர்ட்களில் இத்தகைய எலும்பை அடிக்கடி பார்க்கிறோம். எங்கள் நாயின் விகிதமும் அந்த எல்லையை ஒட்டியே இருந்தது. ஆகவே, எலும்பின் வெட்டு விளிம்பில் தாங்கி நிற்கும் பட்டையுள்ள தண்டைத் தேர்ந்தெடுத்தோம். அந்த முடிவுக்கு வழிகாட்டி எதுவும் தேவைப்படவில்லை. எலும்பைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இருவர் ஒரு மணி நேரம் பேசியதே போதுமானதாக இருந்தது.

அடுத்து வழிகாட்டிகள். எங்கள் முறையில் இரண்டு. ஒன்று, தொடை எலும்பின் கழுத்தை எங்கே, எந்தச் சாய்வில் அறுக்க வேண்டும் என்று காட்டுவது: கழுத்தின் முன்பரப்பைத் தழுவி அமரும் ஒரு துண்டு, அதில் ரம்பத்தின் தகடு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு, நகராமல் இருக்க இரண்டு கம்பிகளுக்கான துளைகள். மற்றொன்று, கிண்ணக்குழிக்கானது: குழியின் விளிம்பில் உட்காரும் வளையம், அதிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு கை, கையின் நுனியில் ஒரு துளை. அந்தத் துளை வழியாகக் குழிக்கு முன்னுள்ள இடுப்பெலும்பில் ஒரு கம்பியைச் செலுத்திவிட்டு வழிகாட்டியைக் கழற்றிவிடலாம். கம்பி நிற்கும் திசையே கிண்ணம் நோக்க வேண்டிய திசை. நிபுணர் துருவியின் கைப்பிடியையும், பிறகு கிண்ணத்தை அடித்து இறக்கும் கருவியையும் அந்தக் கம்பிக்கு இணையாகப் பிடித்தால் போதும். கை முன்னோக்கியே நீள வேண்டும். பின்புறம் காலுக்குப் போகும் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பு செல்கிறது.

அச்சிடுவதைப் பற்றி நண்பர்கள் அதிகம் கேட்கிறார்கள், ஆனால் அதில் சொல்ல அதிகம் இல்லை. பல் மருத்துவத்தில் இம்பிளான்ட் வழிகாட்டிகளுக்குப் பயன்படும், உடலுக்கு ஒவ்வும் ரெசினையே நாங்களும் பயன்படுத்துகிறோம். ஒளியால் இறுகும் அந்தத் திரவத்தை 0.05 மில்லிமீட்டர்ப் படலங்களாக அச்சுப்பொறி கட்டியெழுப்புகிறது. பின் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் முழுதும் இறுகவைத்து, தாங்குகால்களை நறுக்கி, நீராவியில் கிருமி நீக்கம் செய்கிறோம். வெப்பத்தில் சற்றேனும் வளைந்துவிடக்கூடும் என்பதால், எலும்பின் மாதிரியையும் உடன் அச்சிட்டு, கிருமி நீக்கத்துக்குப் பிறகு வழிகாட்டியின் மற்றொரு படியை அதன் மேல் அமர்த்திப் பார்க்காமல் நான் எதையும் அறுவை அரங்குக்கு அனுப்புவதில்லை. அந்த எலும்பு மாதிரியையும் கிருமி நீக்கம் செய்து நிபுணரின் தட்டில் வைக்கிறோம். காயத்துக்குள் ஒரு ஓரமாகத் தெரியும் எலும்பு முழு இடுப்பின் எந்தப் பகுதி என்று கையில் எடுத்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள அது பெரிதும் உதவுகிறது.

அன்றும் எல்லாவற்றையும் இப்படித்தான் செய்திருந்தேன். மாதிரி எலும்பின் மீது இரண்டு வழிகாட்டிகளும் அசைவின்றி அமர்ந்தன. அறுவையில் கழுத்துக்கான வழிகாட்டி உடனே அமர்ந்தது. வெட்டு திட்டப்படியே விழுந்தது. குழிக்கான வளையம்தான் அமரவில்லை.

முதலில் என் ஐயம் ஸ்கேனின் வயது மீது சென்றது. அந்த நாய்க்கு ஸ்கேன் எடுத்த பிறகு தோலில் சீழ்ப்புண்கள் கண்டதால் அறுவையை ஒத்திவைக்க நேர்ந்தது. உடலில் எங்கே கிருமித் தொற்று இருந்தாலும் அது செயற்கை மூட்டில் போய்த் தங்கிவிடும் அபாயம் இருப்பதால், தோல் முழுதும் ஆறும்வரை காத்திருப்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. இடையில் பதினொரு வாரங்கள் கடந்திருந்தன. அதற்குள் விளிம்பில் புது எலும்பு வளர்ந்து, பரப்பை மாற்றியிருக்கலாம் அல்லவா? அறுவை முடிந்து எடுத்த படங்களைப் பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டபோது, குறிப்பிடும்படி எந்த வளர்ச்சியும் தென்படவில்லை. எலும்பு அப்படியேதான் இருந்தது.

விடை, நிபுணர் அன்று மாலை சொன்ன ஒரே வாக்கியத்தில் இருந்தது. "மேல்புற மூட்டு உறையை வெட்டி விலக்கினால்தான் அது அமரும் என்றால், நான் வெட்டமாட்டேன்" என்றார்.

நான் வளையம் எலும்பில் ஊன்றி நிற்கும் பாதங்களில் ஒன்றைக் குழியின் மேல் விளிம்பில் வைத்திருந்தேன். திரையில் அது மிக நல்ல இடம். வளைவு தெளிவானது, பரப்பு அகலமானது, தவறாக அமர வழியே இல்லாதது. ஆனால் திரையில் நான் பார்த்தது, எலும்பைத் தவிர மற்ற அனைத்தையும் நானே அழித்துவிட்ட ஓர் உருவம். உண்மையான மூட்டில், அதே மேல் விளிம்பில்தான் மூட்டு உறை ஒட்டியிருக்கிறது. இந்நோயில் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட அந்த உறை, மெல்லிய சவ்வாக இராமல் தடித்து நாராகிவிட்டிருக்கும். அதன் மேல் என் பாதம் அமர்ந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும், வளையம் சாயும். உறையைச் சுரண்டி எடுத்தால் அமரும்தான். ஆனால் புதிய தலை மேல்நோக்கி நழுவாமல் தடுத்து நிறுத்தும் இயற்கை அரண் அந்த மேல்புற உறையே. மூட்டு விலகாமல் இருக்கக் கோணத்தைத் துல்லியமாக்கப் புறப்பட்ட நான், அதற்காக மூட்டு விலகலைத் தடுக்கும் திசுவையே வெட்டச் சொல்லும் ஒரு கருவியைக் கையில் கொடுத்திருந்தேன். அவர் அதை மறுத்தது முற்றிலும் சரி.

அதற்குப் பின் இரண்டு மாதங்கள், வாரத்தில் ஒரு நாளேனும் அறுவை அரங்கில் ஓரமாக நின்று பார்த்தேன். இடுப்பின் முன்பக்கவாட்டில் திறக்கும் வழியில், எந்தத் தசைநாரை எவ்வளவு வெட்டுகிறார்கள், எந்தெந்த எலும்புப் பரப்பு எப்படியும் வெளிப்பட்டே தீரும், எது கடைசிவரை திசுவால் மூடியே இருக்கும் என்று குறித்துக்கொண்டேன். தொடை எலும்பின் தலையை அகற்றியபின் குழியின் அடிப்பகுதி முழுதாகத் தெரியும். அங்குள்ள சிறு பள்ளத்தின் மென்திசுவைத் துருவுவதற்கு முன் எப்படியும் சுரண்டி எடுப்பார்கள். முன் விளிம்பும் கீழ் விளிம்பும் சிறிதளவு சுத்தம் செய்தால் கிடைக்கும். மேல் விளிம்பைத் தொடவே கூடாது. இதை எந்த மென்பொருளும் எனக்குச் சொல்லியிருக்காது. வடிவமைப்பவர் கணினி அறையிலேயே இருந்துவிடக் கூடாது, அறுவையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று இப்போது எங்கள் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நான் வலியுறுத்துகிறேன்.

புதிய வடிவத்தில் முழு வளையம் இல்லை. மூன்று பாதங்கள்: ஒன்று குழியின் அடியிலுள்ள பள்ளத்தில், ஒன்று முன் விளிம்பில், ஒன்று கீழ் விளிம்பில். ஒவ்வொரு பாதத்தின் நடுவிலும் ஒரு சிறு சாளரம் திறந்திருக்கும். பாதம் எலும்பைத் தொடுகிறதா, இடையில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று நிபுணர் நேரில் பார்க்கலாம். குருத்தெலும்பு சி.டி.யில் தெரியாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முற்றிலும் தேய்ந்துபோன மூட்டில்கூட ஓரங்களில் அது ஒரு மெல்லிய படலமாக மிஞ்சியிருக்கும். அத்தகைய ஓரங்களைத் தவிர்த்தேன். புது எலும்பு முடிச்சுகளின் மீது எந்தப் பாதத்தையும் வைப்பதில்லை. தடுமாறினால் அவை உடைந்துவிடும், காலப்போக்கில் வடிவமும் மாறும். ஸ்கேன் எடுத்து ஆறு வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி எடுக்கிறோம். உரிமையாளருக்கு அது கூடுதல் செலவு. நாய்க்கு இன்னொரு முறை மயக்கம். இருந்தும் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வழிகாட்டியால் ஆகாதவையும் உண்டு. உட்குழாயைத் தண்டின் வடிவத்துக்கு அகலப்படுத்தும் அரத்தை அடித்து இறக்கும்போது, எலும்பு எங்கே விரிசல் விடப்போகிறது என்பதைக் கைக்கு வரும் எதிர்ப்பும், சுத்தியலின் ஒலி மாறுவதும்தான் சொல்லும். விரிசல் வருமோ என்ற ஐயம் எழும்போதே எலும்பைச் சுற்றிக் கம்பி கட்டும் முடிவை எந்த அச்சும் எடுக்காது. கோணம் என்பதே எந்தத் தளத்தை அடிப்படையாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. மயங்கி மல்லாந்து கிடக்கும்போது எடுத்த ஸ்கேனில் இடுப்பெலும்பு சாய்ந்திருக்கும் விதமும், அதே நாய் நாளை நான்கு காலில் நிற்கும்போது சாயும் விதமும் ஒன்றல்ல. பின்கால்களை மடக்கியே நிற்கப் பழகிய ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இந்த வேறுபாடு இன்னும் அதிகம். ஆகவே 45 என்ற எண்ணை நான் திரையில் அமைக்கும்போது, அது நிற்கும் நாயின் 45 அல்ல என்ற நினைவோடுதான் அமைக்கிறேன். அறுவைக்கு முன் நாய் நிற்பதையும் நடப்பதையும் பக்கவாட்டிலிருந்து காணொளியாக எடுத்துத் திட்டமிடும் மேசையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இதனால்தான் வந்தது.

வேப்பேரியில் உடன் படித்த நண்பர் ஒருவர் இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு, சென்னையிலும் இதைத் தொடங்க முடியுமா என்று சென்ற மாதம் கேட்டார். அச்சுப்பொறியும் ரெசினும் அங்கே ஒரு தடையே அல்ல. பல் இம்பிளான்ட் வழிகாட்டிகளை அச்சிடும் கூடங்கள் நம் நகரங்களில் இருக்கின்றன. பொருளும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. நாய்க்கான செயற்கை மூட்டுகளை எல்லா அளவுகளிலும் கையிருப்பில் வைப்பதும், அவற்றைப் பொருத்தும் கைப்பழக்கத்தைப் போதிய எண்ணிக்கையில் அறுவைகள் செய்து பெறுவதும்தான் கடினம். முதலில் எலும்பு மாதிரியை மட்டும் அச்சிட்டு, அதன் மேல் திட்டமிட்டுப் பழகுமாறு அவருக்குச் சொன்னேன். வழிகாட்டி பிறகு வரட்டும்.

அதே ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஐந்து மாதங்கள் கழித்து வலது இடுப்பிலும் அறுவை நடந்தது. புது ஸ்கேன், புது வடிவம், மூன்று பாதங்கள். நிபுணர் குழியின் அடியைச் சுத்தம் செய்து வழிகாட்டியை வைத்தார். சாளரங்களில் எலும்பு தெரிந்தது. விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. கம்பியைச் செலுத்திக் கழற்ற நான்கு நிமிடங்களுக்கும் குறைவாகவே ஆனது. மேல்புற உறையை அவர் தொடவே இல்லை. அறுவை முடிந்து எடுத்த படத்தில் கிண்ணத்தின் திறப்பு திட்டத்திலிருந்து இரண்டு பாகை விலகியிருந்தது.

உண்மையை மறைக்காமல் சொல்வதானால், வழிகாட்டியே இல்லாமல் அவர் கண்ணளவில் பொருத்திய இடது கிண்ணம் நான்கு பாகைதான் விலகியிருந்தது. பல ஆண்டு அனுபவமுள்ள கைக்கு, வழக்கமான வடிவமுள்ள இடுப்பில், இந்தத் துண்டு கொடுக்கும் உதவி சிறிது. இரண்டு மூட்டுகளும் எட்டாவது வாரத்துப் படத்தில் அசையாமல் நின்றன. எந்தக் கால் எப்போது மாற்றப்பட்டது என்று நடையைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்து ஒரு லாப்ரடார் வருகிறது. குட்டியாக இருந்தபோது வாகனத்தில் அடிபட்டு, உடைந்த இடுப்பெலும்பு கோணலாகவே ஒட்டிப்போன நாய்; குழி இயல்பைவிடப் பின்னோக்கித் திரும்பியிருக்கிறது, அனுபவமுள்ள கை வழக்கமாக நம்பும் அடையாளங்கள் எதுவும் அங்கே இடத்தில் இல்லை. இந்த நாய்க்கு வழிகாட்டி வேண்டும் என்று நிபுணரே கேட்டார். ஸ்கேன் வியாழக்கிழமை கைக்கு வந்தது. இன்னும் ஒரு படலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. எங்கே திறப்பீர்கள், எதை வெட்டுவீர்கள், எதை வெட்டமாட்டீர்கள் என்று அவரிடம் கேட்டு எழுதிவைத்த இரண்டு பக்கக் குறிப்பு மட்டும் மேசையில் இருக்கிறது.